நட்மெக்கின் முகத்தில் விழிப்பவர்கள்

ஹோபார்ட்டில் காலை பத்து மணியாகும்போது காவாந்தண்டலத்தில் ஐந்தரை. அந்நேரத்தில் நான் செய்யும் வேலையை இங்குள்ள யாரிடமும் இதுவரை விளக்கியதில்லை. கம்பளித் துணிக்குள் சுருண்டு தூங்கும் ஒரு ஃபெரெட்டை எழுப்பி, இரு கைகளாலும் தூக்கி, சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்த கைப்பேசிக்கு நேரே அதன் முகத்தைப் பிடிக்கிறேன். மறுமுனையில் அப்பா அழைப்பை எடுத்து, கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு முன் நீட்டுகிறார். கண்களை மூடியபடியே படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கும் அம்மா, "காட்டு" என்கிறாள். அதன்பிறகுதான் கண் திறக்கிறாள். சில நொடிகள் அதைப் பார்த்துவிட்டு, "செரி, படுக்க வையி" என்று எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறாள். பல நாட்களில் என் முகத்தை அவள் கேட்பதுகூட இல்லை.

ஃபெரெட் என்பது நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உடைய பிராணி. முயல் வேட்டைக்காக ஐரோப்பியர்கள் பழக்கியது. இப்போது வீட்டுச் செல்லம். இதன் பெயர் நட்மெக், ஜாதிக்காயின் நிறம் என்பதால். வீடும் நட்மெக்கும் ஜூடித்துக்குச் சொந்தம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி அவர். இலக்கியம் படிக்க வந்த எனக்கு மாடியறையை வாடகைக்கு விட்டிருக்கிறார். சென்ற கோடையில், அதாவது நம் மார்கழியில், நான் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது நட்மெக் பின்னால் சோபாவின்மீது ஓடியது. அன்றைக்கென்று பார்த்து, பல நாட்களாக வருகிறேன் வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், யாரும் கூப்பிடாமலே வந்து எங்கள் போர்வெல் மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போனார். கீரி முகத்தில் விழித்தால் போகிற காரியம் கைகூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இது கீரியன்று, வேறு குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"பாம்பு புடிக்குமா?" என்றாள் அம்மா.

"புடிக்காதும்மா. முயல் புடிக்கும்."

"ஏதோ ஒண்ணு புடிக்குது இல்ல? அப்ப கீரிதான்."

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள் நினைவுக்கு வருகிறது. நேர்வழியில் போனால் உத்திரமேரூருக்கு நேரத்தோடு போய்விடலாம். அம்மாவோ ஏரிக்கரை வழியாகத்தான் போகவேண்டும் என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லி அனுப்பினாள். அங்கே வேலிகாத்தான் புதரில் கீரிகள் உண்டு. அப்பா மொபெட்டை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, புதரையே பார்த்தபடி காத்திருந்தார். பின்னால் நான் தேர்வு அட்டையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு கொக்கு வந்தது. எருமைகள் கடந்தன. கீரி வரவேயில்லை. மண்டபத்துக்குள் கடைசியாக நுழைந்தவள் நான்தான். தேர்வை நன்றாகவே எழுதினேன் என்பதை அம்மா இன்றுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கீரி வந்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பாய் என்பதே அவள் கட்சி.

இந்த ஆடியில், இங்கே கடுங்குளிர், ஜூடித் வாசற்படியின் உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அவர் கேட்டது ஒன்றுதான்: நட்மெக்கைப் பார்த்துக்கொள்வாயா? பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுவரை நான் அதைத் தொட்டது காலைத் தரிசனத்துக்கு மட்டுமே. எங்கள் வீட்டில், ஒருவர் புறப்பட்டுப் போனதும் வீட்டைப் பெருக்கமாட்டார்கள். போய்ச்சேர்ந்த செய்தி வரவேண்டும். நான் விமானம் ஏறிய அன்று, இங்கு வந்து இறங்கினேன் என்று தொலைபேசியில் சொல்லும்வரை அம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. நான் காபி குடித்த டம்ளர்கூட கழுவாமல் இருந்ததாம். நானும் அப்படியே காத்திருந்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்தது, நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். நோயாளி திரும்பி வரும் வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதும் எங்கள் வீட்டு வழக்கம். ஜூடித்தின் படுக்கை விரிப்புகள், சோபாத் துணிகள், அவர் நாற்காலியில் கிடந்த பழைய ஸ்வெட்டர், நட்மெக்கின் கூண்டில் தொங்கும் துணி ஊஞ்சல் என எல்லாவற்றையும் சுடுநீரில் துவைத்து மடித்து வைத்தேன். வீடெங்கும் சோப்புத்தூளின் எலுமிச்சை மணம். எனக்கு நிறைவாக இருந்தது.

அதன்பிறகு நட்மெக் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. முதலில் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. பிறகு முகரவும் இல்லை. சுவரையே பார்த்து நின்றது. முன்காலால் வாயைத் துடைத்துக்கொண்டது. பின்கால்கள் தளர்ந்து இழுபட்டன. அட்டைப்பெட்டியில் வைத்துப் பேருந்தில் தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவமனைக்குப் போனேன். இளம் மருத்துவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நட்மெக்கின் வயிற்றை அழுத்திப் பார்த்தபடியே, "நீங்கள்தான் இதன் மம்மாவா?" என்று கேட்டார். இல்லை, நான் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் என்று பதில் சொன்னேன். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். செல்லப்பிராணி வைத்திருப்பவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னதன் சாரம் இது: வயதான ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் வரும் கட்டி, இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது, மாத்திரை உண்டு. ஆனால் வயிறு காலியாக இருக்கக்கூடாது. வேகவைத்த கோழியை அரைத்து, சிரிஞ்சினால் அடிக்கடி புகட்டவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தானாகச் சாப்பிடத் தொடங்காவிட்டால் அதைத் துன்பப்படுத்தாமல் ஊசிபோட்டு விடுவிப்பது பற்றி ஜூடித்திடம் பேசவேண்டியிருக்கும்.

முட்டைகூட உடைக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். கடையில் குளிர்ந்த ஒளியில் அடுக்கியிருந்த கோழித்துண்டுகளின் முன்னால், எதை எடுப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். வேகும்போது சமையலறை சன்னல்களைத் திறந்து வைத்தேன். குளிர் உள்ளே வந்ததே தவிர வாடை வெளியே போகவில்லை. அரைத்த கூழைச் சிரிஞ்சில் ஏற்றி, துண்டில் சுற்றிய நட்மெக்கின் கடைவாயில் புகட்டினேன். பாதி என் சட்டையில் வழிந்தது. மீதியையும் அது விழுங்கியதாகச் சொல்லமுடியாது. வாயில் வைத்திருந்து, நான் கீழே விட்டதும் துப்பியது. கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போவேன். ஒரு பத்தி படிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். சமர்ப்பிக்கவேண்டிய கட்டுரை ஒன்று பாதி வாக்கியத்தில் நின்றது. களைப்பு என்பது உடம்பில் ஓரிடத்தில் இருப்பதாகத்தான் அதுவரை எண்ணியிருந்தேன். அந்த வாரம் அது அறைகளில் இருந்தது. எந்த அறைக்குப் போனாலும் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில் காலைத் தரிசனம் மட்டும் நிற்கவில்லை. புதன்கிழமை அம்மா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, "காட்டு" என்றாள். நட்மெக் கூண்டின் மூலையில் மூச்சு மட்டும் ஓடக் கிடந்தது. நான் கையை நீட்டவில்லை. இன்றைக்கு வேண்டாம், அது தூங்குகிறது என்றேன்.

"எப்பவும் தூங்கிக்கினுதான கீது? எய்ப்பு."

"முடியாதும்மா. ஒடம்பு சரியில்ல அதுக்கு. சாப்ட மாட்டேங்குது."

அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். அன்று அவள் விழித்தது என் முகத்தில். பிறகு சங்கடத்தோடு ஒரு செய்தி சொன்னாள். எங்கள் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் ரோஸியக்காவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. அம்மா களத்தில் பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டு, தானும் மகளும் விடியற்காலையில் வந்து கீரியைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று ரோஸியக்கா கேட்டிருக்கிறார். அம்மா வரச்சொல்லிவிட்டாள். இப்போது என்ன செய்வது? நோயில் கிடப்பதன் முகத்தைக் காட்டலாமா என்பதற்கு அவளிடம் விதி இல்லை. இந்த ஓர் உயிரின் முகத்தை எத்தனை பேருக்குத்தான் தூக்கிக்காட்டுவது என்ற எரிச்சல் எனக்கு இருந்தது. அம்மா அதைக் கண்டுகொண்டாளோ என்னவோ, வேறொன்று கேட்டாள்.

"நாமெல்லாம் அது மூஞ்சில முழிச்சிக்கினு கீறோம். அது யாரு மூஞ்சில முழிக்கும், பாவம்?"

அழைப்பு முடிந்த பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜூடித்தை வீடியோவில் அழைத்து அவர் முகத்தைக் காட்டலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஃபெரெட்டின் பார்வை மங்கலானது. திரையில் தெரியும் முகம் அதற்கு வெறும் வெளிச்சம். அது ஆளை அறிவது மூக்கினால். அப்படியானால் ஜூடித்தின் முகம் இந்த வீட்டில் எங்கே இருந்தது? நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரில். படுக்கை விரிப்பில். துணி ஊஞ்சலில். ஆம்புலன்ஸ் போனபின் காத்திருந்து, செய்தி வந்தபின், முறை பிசகாமல், சுடுநீரில் அதை முழுவதுமாக நானே துவைத்து எடுத்திருந்தேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். ஜூடித் தலையணைகளில் சாய்ந்திருந்தார். நட்மெக்கின் நிலையை முதன்முறையாக, உள்ளபடி சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் உடுத்திய, இன்னும் துவைக்காத துணி ஏதாவது தரமுடியுமா என்று கேட்டேன். பிறருடைய அழுக்குத்துணியைக் கேட்டு வாங்க என் நாக்கு கூசியது. அதனால் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கவேண்டும். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அதெல்லாம் வேண்டாம், லவ். துவைப்பதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்."

துவைப்பதற்கு அல்ல, துவைக்காமல் எடுத்துப்போக, என்றேன். அவருக்குப் புரியவைக்க நான் துவைத்தவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லவேண்டியிருந்தது. ஊஞ்சலையுமா என்று கேட்டார். ஆம் என்றேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போர்வையை விலக்கி, வலியில் முகம் சுளித்தபடி, செவிலியின் உதவியோடு இடது காலிலிருந்து கம்பளிக் காலுறையைக் கழற்றித் தந்தார். வலது காலுறையையும் கேட்கட்டுமா என்று நான் தயங்கியபோது, "இது எனக்கு வேண்டும், இங்கே குளிர்கிறது" என்றார். குவீன்ஸ்லாந்திலிருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள் என்றும், அந்த மாநிலத்தில் ஃபெரெட் வளர்க்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை என்றும், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல் சொன்னார். காலுறையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கூண்டினுள் வைத்தபோது நட்மெக் அசையவில்லை. பிறகு அதன் மூக்கு மட்டும் அசைந்தது. பின்கால்களை இழுத்துக்கொண்டு வந்து, காலுறையின் வாய்க்குள் தலையை நுழைத்து, மெல்ல உள்ளே போயிற்று; வால் மட்டும் வெளியே கிடந்தது. நான் சமையலறையில் கோழியைச் சூடாக்கினேன். சிரிஞ்சைத் தேடினேன், அது கழுவும் தொட்டியில் பாத்திரங்களுக்கு அடியில் எங்கோ கிடந்தது. கையை விட்டுத் துழாவச் சலிப்பாக இருந்தது. ஆள்காட்டி விரலைக் கூழில் தோய்த்து, காலுறையின் வாயருகே நீட்டினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை கடுத்தது. எடுத்துவிடலாம் என்று எண்ணியபோது, மணல்தாள் போன்ற சிறு நாக்கு விரலில் பட்டது. இன்னொரு முறை தோய்த்தேன். கிண்ணத்தின் கால் பாகம் அப்படியே போயிற்று. கட்டி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, மருத்துவர் தொலைபேசியில் சில மாதங்கள் என்றுதான் சொன்னார். ஆயினும் வெள்ளிக்கிழமைப் பேச்சு வேண்டியதில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அழைத்தேன். அப்பாவுக்குப் பதிலாக அம்மாவே எடுத்தாள். கைப்பேசி வாசலுக்கு நகர்ந்தது. ரோஸியக்கா நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள், இஸ்திரி போட்ட சுடிதாரில், ஃபைலை மார்போடு அணைத்தபடி. கூலி வாங்கவும் தேநீர் குடிக்கவும் பின்வாசலுக்கே வந்து பழகிய ரோஸியக்காவை முன்வாசற்படியின்மேல் நான் பார்த்ததேயில்லை. அம்மா கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள்.

"நாங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்தோம் பாப்பா," என்றார் ரோஸியக்கா. "இருந்தாலும் இத்தையும் ஒரு தபா பாத்துட்டாப் போவுது."

நான் நட்மெக்கைத் தூக்கவில்லை. ஜாடியையும் கைப்பேசியையும் கூண்டின் திறந்த கதவருகே கொண்டுபோய் வைத்தேன். காலுறையிலிருந்து முகத்தை மட்டும் நீட்டி, அது வெளிச்சத்தைப் பார்த்தது. மீசையில் கூழ் ஒட்டியிருந்தது. மகள் சிரித்துவிட்டாள். "நர்ஸ் வேலைக்குப் போறவளுக்கு சீக்காளி கீரியா, செரிதான்" என்று அம்மாவின் குரல் கேட்டது. பிறகு அவள் கைப்பேசியை வாங்கி, என்னைக் கேட்டாள்: அது சாப்பிட்டதா, நான் சாப்பிட்டேனா. அவள் முகம் திரையை நிறைத்தது. நட்மெக் கழுத்தை நீட்டி முகர்ந்து, அந்த முகத்தை நக்கியது. நெற்றியிலிருந்து மோவாய்வரை கோழிக்கூழின் ஒரு தடம். முட்டைகூட உடைக்காத அம்மா, ஒன்றும் அறியாமல், அதன் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். துடைக்கக் கையருகே இருந்த துணி ஜூடித்தின் காலுறை ஒன்றுதான், அதை எடுக்கமுடியாது. முழங்கையைத் திரைவரை கொண்டுபோய், சட்டைக் கையில் நேற்றைய கூழ் காய்ந்திருப்பதைக் கண்டு, அப்படியே நிறுத்திக்கொண்டேன்.