பேசாதவளின் சம்மதம்

அவளுக்குப் பூனை என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய பெரியப்பா. நடந்தால் தரைக்கே தெரியாது, கதவைத் திறந்தால் கதவுக்கே தெரியாது, அப்படியொரு பிள்ளை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். "எங்க வீட்டுப் பிள்ளைங்கள்லயே இதுதான் தங்கம். இருக்கிற இடமே தெரியாது" என்பார். ஏழு வயதுப் பிள்ளை இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிறதே, ஏன் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தம்பிக்காரர், அதாவது அவளுடைய அப்பா, குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பார். எங்காவது பாத்திரம் உருண்டால் அதற்கும் சேர்த்து அடிப்பார். அந்த வீட்டில் பூனை மாதிரி நடக்காமல் வேறு எப்படி நடப்பதாம்?

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். மக்கு. வீட்டில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிசகாமல் ஒப்பிப்பாள். வகுப்பில் டீச்சர் மேசையைத் தட்டி, "ஏய், எழுந்து நின்னு சொல்லு" என்று அதட்டியதும் எல்லாம் போய்விடும். இரண்டாம் வாய்ப்பாடுகூட மிஞ்சாது. வாயைத் திறந்தபடி நிற்பாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். "மண்டையில களிமண்ணா இருக்கு?" என்று டீச்சரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். படித்தவர், பாவம், அவருக்கும் கேட்கத் தோன்றியது அந்த ஒரு கேள்விதான்.

தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். சில வருடங்களில் நோய் வந்து அம்மா போய்ச் சேர்ந்தாள். தங்கைக் குட்டி சித்தியிடமே வளர்ந்தது. பூனை படிப்பை நிறுத்திவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள், பெண்கள் விடுதியில் தங்கினாள்.

அங்கே அவளுக்குக் கடைசிச் சோதனைப் பிரிவில் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்து, காலரின் இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கிறதா, பொத்தான் துளையில் நூல் பிரிகிறதா என்று பார்த்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவள் கண்ணுக்கு ஒரு தையலும் தப்பாது. ஆனால் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "எத்தனை பீஸ் ரிஜெக்ட்டு? வாயில என்ன?" என்று கத்தினால் கணக்கு பறந்துவிடும். அந்த மாதிரி நாட்களில் தலை பிளந்துவிடுவதுபோல் வலிக்கும். அதற்கு மாத்திரை வாங்கப் போனபோதுதான் தொழிற்சாலை டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்டார்.

"மக்குன்னு யாரு சொன்னது?" என்றார் டாக்டரம்மா. "சின்ன வயசுல மூளை எதைத் தினமும் பழகுதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் வளரும். உங்க மூளை படிக்கிறதுக்குப் பழக வேண்டிய வயசுல, ஆபத்து எந்தப் பக்கம் வருதுன்னு பார்க்கவே பழகியிருக்கு. இப்பவும் யாராவது கத்தினா, தப்பிச்சா போதும்னு யோசனையையும் பேச்சையும் நிறுத்திடுது."

"இது சரியாகுமா டாக்டர்?"

"ஆகும். பயமில்லாத இடம் வேணும், பொறுமையா கூட இருக்கிற ஆளுங்க வேணும். நாளாகும். வார்த்தை நின்னு போச்சுன்னா அவசரப்படாதீங்க. காலைத் தரையில நல்லா ஊனிக்கிட்டு மூச்சை மெதுவா விடுங்க. லேட்டானாலும் பேச்சு வரும்."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்தவளுக்குக் கோபம்தான் வந்தது. தங்கம் என்றார்களே, அடக்கமான பிள்ளை என்று கன்னத்தைக் கிள்ளினார்களே, களிமண் என்று சிரித்தார்களே, இத்தனை பெரியவர்களில் ஒருவராவது ஒரு பிள்ளையைத் தூக்கி அந்த வீட்டுக்கு வெளியே வைத்திருக்கக் கூடாதா?

குட்டி அவளைப்போல் இல்லை. ஏழு வயதாகிறது, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவும், குளிக்கும்போது கத்திப் பாடும், கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடும். "காது ரெண்டும் செவிடாகுது" என்று சித்தி அலுத்துக்கொள்வாள். பூனைக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே வாராவாரம் வரலாம்போல இருக்கும்.

அந்தக் குட்டியைத்தான் அப்பாக்காரர் திருப்பிக் கேட்டார். சித்தி வீட்டுக் கூடத்தில் பெரியப்பா கூட்டம் கூட்டினார்.

"அவன் குடியை விட்டுட்டான். வேன் ஓட்டுறான். பெத்தவன் கேக்குறான், குடுக்க மாட்டோம்னு சொல்ல நாம யாரு?" என்றார்.

சித்திக்குச் சொந்தமாக இரண்டு பையன்கள், வீடோ இரண்டே அறை. பாரம் இறங்கினால் சரி என்பது சித்தப்பா முகத்திலேயே எழுதியிருந்தது. சித்தி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் பெரியப்பா, அவ..." என்று பூனை ஆரம்பித்தாள்.

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல!" என்று பெரியப்பா ஒரு அதட்டல் போட்டார்.

அவ்வளவுதான். வார்த்தைகள் போயே போய்விட்டன. வாய் திறந்தபடி இருந்தாள். பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "பாருங்க, அவ ஒண்ணும் சொல்லல. அக்காவுக்கும் சம்மதம்தான். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

அந்தச் சொந்தபந்தத்தில் பெண் பிள்ளைகள் விஷயம் எப்போதும் இப்படித்தான் முடியும். எதிரே உட்காரவைத்து அதட்டுவது, வாயடைத்துப் போனால் சரி என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவது. அவள் அம்மாவின் கல்யாணமும் இப்படி முடிவானதுதான். இதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர் வேறு!

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குட்டி அந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதத்தில் மெதுவாக நடக்கப் பழகிவிடும். அப்புறம் அதையும் தங்கம் என்பார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகச் சித்தி வீட்டுக்கு வந்தாள். கட்டிவைத்திருந்த குட்டியின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே வாசலை அடைத்து உட்கார்ந்தாள். அப்பாவும் பெரியப்பாவும் மாடியேறி வந்து நின்றார்கள்.

"என்ன இது? எழுந்திரு!" என்றார் பெரியப்பா.

வார்த்தை போய்விட்டது. போகும் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டையும் தரையில் அழுத்தினாள், மூச்சை மெதுவாக விட்டாள்.

"அன்னிக்கு சரின்னுட்டு இன்னிக்கு நாடகமா?" பெரியப்பாவின் குரல் கீழ்வீடு வரை கேட்டது. சித்தப்பா வந்து தோளைத் தொட்டார். சித்தி, "எழுந்திரு கண்ணு, அக்கம்பக்கத்துல பாக்குறாங்க" என்று கெஞ்சினாள். அவள் அசையவில்லை. பையையும் விடவில்லை. எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"அன்னிக்கு நான் சரின்னு சொல்லல," என்றாள் பூனை. குரல் கரகரத்தது. "எனக்குப் பேச்சு வரல. ரெண்டும் வேற வேற பெரியப்பா."

யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா ஒரு படி மேலே வந்தார். சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. அவர் கத்தவில்லை, மனம் நொந்தவர்போல்தான் கேட்டார்.

"ஏம்மா, நான் என்ன கொலைகாரனா? குடிச்சேன், தப்புதான். ஆனா உங்க ரெண்டு பேரு மேலயும் என்னிக்காவது கை வச்சிருக்கேனா? நீயே சொல்லு."

"அதானே!" என்றார் பெரியப்பா. "பிள்ளைங்களை அவன் தொட்டதே கிடையாது."

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் வார்த்தை நின்றது. காத்திருந்தாள்.

"இல்லப்பா," என்றாள். "நீங்க என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். தினமும் இருந்தேன்."

பெரியப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையை நீட்டி அவரைத் தடுத்தார். பின்பு திரும்பிப் படியிறங்கிப் போனார்.

சித்தி குனிந்து பூனையின் மடியிலிருந்த பையை வாங்கினாள். உள்ளே எடுத்துப்போய்க் குட்டியின் சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.