சுண்ணாம்பு கூடிப்போச்சு

எங்கள் வீட்டில் வாய்ப்புண் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான். சுண்ணாம்பு. சின்னமனூரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெற்றிலை போடுகிறவர் வாயில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் நாக்கு பொத்துப்போகும், கன்னத்தின் உள்தோல் உரியும். தேங்காய்ச் சில்லை மென்றால், மணத்தக்காளிக் கீரையை நெய்யில் வதக்கித் தின்றால், இரண்டொரு நாளில் ஆறிவிடும். ஆறாத புண்ணைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு இடது கன்னத்தின் உள்ளே அப்படி ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றைத் தொட்ட முதல் ஆள் நான். அக்கா எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதோடு சரி, கோம்பையில் வாக்கப்பட்டுப் போயிருந்தாள். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்தபோதுதான்.

அம்மா வாயைத் திறந்து காட்டியதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குச் சுண்ணாம்பு நீற்றுவது அவர் வேலை. கல் சுண்ணாம்பை வாங்கி வந்து கலயத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது புகைந்து கொதித்து அடங்கும்வரை பக்கத்திலேயே குத்தவைத்திருப்பார். மதியம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி முடித்து அகத்தி நிழலில் உட்காரும்போது இரண்டு பேருக்கும் அவர்தான் மடிப்பார். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவிப் பாக்கை வைத்து மடித்து, அம்மா இருக்கிற பக்கம் பார்க்காமலே கையை நீட்டுவார். புகையிலையை மட்டும் அம்மா தன் சுருக்குப்பையிலிருந்து தானே எடுத்து அதக்கிக்கொள்வாள்.

“சுண்ணாம்பு கூடிப்போச்சு. ஏங் கையிதான் கூட வச்சிருச்சு” என்றார் அப்பா.

“ஆமா, இத்தன வருசமாக் கூடாதது இப்பக் கூடிருச்சாக்கும். வயசாகுதுல்ல, கையி ஆடுது ஒங்களுக்கு” என்று அம்மா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்தக் கலயத்தைக் கொண்டுபோய் வாய்க்கால் மேட்டில் கொட்டிவிட்டு வந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு குளிர்ச்சி என்று யாரோ சொன்னார்கள். அதைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். அதற்கும் புண் ஆறாதபோது தண்ணீரை அதிகம் விட்டு மோர் மாதிரிக் கரைத்தார். பிறகு சுண்ணாம்பே இல்லாமல் மடித்துக் கொடுத்தார். அம்மா அதையும் வாங்கி, புகையிலையோடு சேர்த்து, புண் இல்லாத பக்கமாக மென்றாள். மாசக்கணக்கில் எங்கள் வீடு சுண்ணாம்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்கூடப் புகையிலையின் பேரை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அது காப்பித்தண்ணி மாதிரி, வீட்டில் இருக்கிற ஒரு பொருள்.

கன்னம் வெளியே வீங்கிய பிறகுதான் சின்னமனூர் டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமலே மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரையில் அவர்கள் சொன்ன பேரை எங்கள் வீட்டில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ‘கட்டி’ என்றோம். கதிர்வீச்சு மருத்துவத்துக்குக் ‘கரண்டு வைக்கிறது’ என்று பேர். கரண்டு வைத்து வைத்து அம்மாவின் கன்னம் கருத்துப்போனது. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போனது.

அப்பா அங்கிருந்த டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எலயினாலயா சார் வந்துச்சு?”

“புகையிலைதான் பெரியவரே. பாக்கும் சேர்ந்துதான்.”

தேனி பஸ்ஸில் திரும்பி வரும்போது, உசிலம்பட்டி தாண்டியதும் அப்பா, “எலயச் சொல்லலைல்ல?” என்று என்னிடம் கேட்டார். சொல்லவில்லை என்றேன். ஆண்டிபட்டிக் கணவாயில் மறுபடி கேட்டார். அம்மா ஜன்னல் பக்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூங்கினாள். எங்கள் தெருவே அந்த வெற்றிலையை விற்றுத்தான் சோறு தின்கிறது. அவருக்கு அது குற்றமற்றதாக இருக்க வேண்டியிருந்தது.

அடுத்த தை பிறக்குமுன் அம்மா போய்விட்டாள்.

கொடிக்காலுக்குத் தீட்டு ஆகாது. செருப்போடு உள்ளே போகக் கூடாது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் பதினாறு முடியும்வரை படலைத் திறக்கக் கூடாது, மீறினால் கொடி கருகிவிடும் என்பார்கள். பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் தண்ணீர் மட்டும் பாய்ச்சினார்கள். ஏறிய கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவது அம்மாவின் வேலை. கட்ட ஆளில்லாமல் நுனிகள் காற்றில் தொங்கின. கிள்ளாத இலை முற்றிக் கருத்தது. அப்பா தினமும் போய் வேலிக்கு வெளியே வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயில் வெற்றிலை இருக்கும்.

பதினாறாம் நாள் படையலில், அம்மாவின் படத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்கோடு ஒரு புகையிலைத் துண்டையும் வைத்தார் மாமா. அம்மாவின் தம்பி அவர்.

“அக்காவுக்கு இது இல்லாம எப்பிடி? எந்திரிச்சு வந்து கேப்பா” என்றார்.

என் அக்கா அதை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். “அவளத் தின்னதே அதுதான் மாமா. அதுக்கும் சேத்துப் படையலா?”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா படையலுக்கு முன்னாலிருந்து எழுந்து வெளியே போனார். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தபோது புகையிலை அதக்கியதில் அவர் கன்னம் உப்பியிருந்தது. அக்கா அன்று சாயங்காலமே கோம்பைக்கு பஸ் ஏறிவிட்டாள். போகும்போது என்னிடம், “அந்த வாயோட ஏங்கிட்டப் பேச வேணாம்னு சொல்லுடா” என்றாள். நான் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாமலும் இல்லை.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் நானும் அப்பாவும்தான். காலையில் நான் உலை வைப்பேன், அவர் குழம்பு வைப்பார். கல்லூரி இல்லாத நாட்களில் நானும் கொடிக்காலுக்குப் போனேன். முதல் தடவை மதியம் அகத்தி நிழலில் உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தேன். அப்பா ஒன்று மடித்துப் பக்கத்தில் கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். அடுத்ததை மடித்து அதையும் போட்டுக்கொண்டார். அம்மாவின் சுருக்குப்பை இப்போது அவர் இடுப்பில் இருந்தது. அதற்கு முன்னால் அவர் புகையிலை போட்டு நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. இப்போது அவள் பங்கையும் சேர்த்து அவரே மென்றார்.

ஆடி கழிந்த பிறகு ஒரு நாள் ரசத்துக்கு மிளகு வேண்டாம் என்றார். அடுத்த வாரம் மிளகாய் வேண்டாம் என்றார். சோற்றை வலது பக்கமாகவே ஒதுக்கி மென்றார். நான் தட்டைப் பார்ப்பது போல அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா, வாயில எதுவும் இருக்கா?”

“சுண்ணாம்பு கூடிப்போச்சுலே.”

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் கொல்லையில் புதுக் கலயம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அப்பா பக்கத்தில் குத்தவைத்திருந்தார்.

“மதுரைக்குப் போய்க் காட்டிட்டு வந்துருவோம்ப்பா” என்றேன்.

“எதுக்கு?”

“வாயக் காட்டத்தான்.”

“நீ படிச்சது புஸ்தகத்துல. நான் வாயிக்குள்ள வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“அம்மாவுக்கும் இப்பிடித்தான சொன்னோம்.”

அவர் குச்சியால் கலயத்தைக் கிண்டினார். “அவளுக்கு வந்தது வேற.”

எத்தனையோ விதமாகக் கேட்டேன். பக்கத்திலிருக்கிற சின்னமனூர் டாக்டரையாவது பார்க்கலாம் என்றேன். கொடி இறக்கிக் கட்டுகிற நேரம் என்றார். அது முடிந்ததும் தண்ணீர் பாய்ச்சுகிற முறை என்றார். கடைசியில், “அவ தெவசம் முடியட்டும்லே. அதுக்குள்ள என்னக் கொண்டுபோய் அந்தக் கரண்டுல போட்றாத” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புண் எது என்று அவருக்குத் தெரியும். மதுரையில் அம்மா படுத்திருந்த அறை வாசலில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அங்கே திரும்பிப் போக அவரால் முடியவில்லை.

டெலிபோன் பூத்திலிருந்து அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் பேசினேன். சுற்றி ஆட்கள் நின்றார்கள். “அப்பா சரியாச் சாப்பிட மாட்டேங்கிறாரு” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

“போயிலைய நிப்பாட்டிட்டாரா?”

“இல்ல.”

“பெறகு சோறு எங்கன எறங்கும்? தெவசத்துக்கு வாறேன்” என்று வைத்துவிட்டாள்.

தலைத்திவசத்துக்கு முதல் நாளே அக்கா வந்தாள். அப்பாவோடு நேராகப் பேசவில்லை. “ஒங்கப்பாட்டக் கேளு, வெறகு எங்கன கெடக்குன்னு” என்று என் மூலமாகப் பேசினாள். அப்பாவும், “ஒங்கக்காட்டச் சொல்லு, அங்கன மாட்டுக்கொட்டத்துப் பக்கம்னு” என்றார். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டுதான் இப்படிப் பேசினார்கள்.

அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும். அம்மாவுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு, அதுவும் வரமிளகாயை அள்ளிப் போட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. கடைசி மாதங்களில் அவளால் அதை மோந்து பார்க்க மட்டும்தான் முடிந்தது. அக்கா அதை அப்படியே வைத்தாள். தெருமுனை வரைக்கும் வாசம் போனது.

சாமி கும்பிட்டு முடிந்தது. படத்துக்கு முன்னால் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. புகையிலை இல்லை. இந்தத் தடவை மாமாவும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. படைத்த இலையில் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து முதல் கை வைத்தால்தான் மற்றவர்களுக்குப் பந்தி. அது எங்கள் வழக்கம். அப்பா உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

“மச்சான், பசி கண்ணக் கட்டுது. அக்கா இருந்திருந்தா இந்நேரம் ஒங்கள விட்டுட்டு எனக்குத்தான் போட்டிருப்பா” என்றார் மாமா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அப்பா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. சனம் அதைத் துக்கம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டது. அக்கா குனியவில்லை. கரண்டியோடு நின்றவள் அவர் முகத்தையே பார்த்தாள். வாயை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கஞ்சித்தண்ணியை அப்படித்தான் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டி, “துப்புங்க” என்றாள்.

படைத்த சோற்றைத் துப்புவதா என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. அப்பா துப்பினார்.

“எந்தப் பக்கம்ப்பா?”

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான். அப்பா தாடையிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார். “எடது” என்றார். பிறகு, “அவளுக்கும் எடதுதான ஆத்தா” என்றார்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து தயிரை ஊற்றிச் சோற்றைக் கரைத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் பந்தி நடந்தது. மாமா சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, வெளியே போய்த் தன் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவர் இன்றுவரை அதை விடவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் மதுரை போனோம். இந்தத் தடவை அப்பா பஸ்ஸில் இலையைப் பற்றிக் கேட்கவில்லை. கரண்டு வைக்கிற கட்டடத்தைத் தாண்டும்போது நடை தயங்கியது. அக்கா அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் புது ஆள், சின்ன வயசு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு நாளா இருக்கு?” என்றார்.

“சுண்ணாம்பு…” என்று அப்பா ஆரம்பித்தார். நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். “அவளுக்கு இங்கன கரண்டு வச்சாகள்ல, அப்பவே லேசா இருந்துச்சு சார். வெள்ளையா. சொன்னா அவ பயந்துருவாள்னு சொல்லல.”

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா போனபோதுகூட அவள் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். ஆரம்பம்தான் என்றார்கள். கன்னத்தின் உட்பக்கத்தைக் கொஞ்சம் அறுத்து எடுத்தார்கள். அவர் பயந்த கரண்டு தேவைப்படவில்லை. ஆனால் மறுபடி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. காட்டச் சொன்னபோதெல்லாம் போய்க் காட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் முந்தின வாரம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல், ஒன்றுமில்லாததற்குச் சண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு வாரம் நன்றாகப் பேசிக்கொள்வோம்.

அப்பா இப்போது வெற்றிலை போடுவதில்லை. கொடிக்கால் இருக்கிறது, தினமும் போகிறார், இலை சந்தைக்குப் போகிறது. அதில் எனக்கொரு சங்கடம் உண்டு, அவரிடம் கேட்டதில்லை. மதியம் அகத்தி நிழலில் உட்காரும்போது அவர் கைக்கு வேலை இல்லை. வாழைநாரைக் கிழித்துக்கொண்டே இருக்கிறார்.

வருஷா வருஷம் அம்மாவுக்குப் படைக்கிறோம். கருவாட்டுக் குழம்பு அதே காரத்தில்தான் இருக்கும், அக்கா அதைக் குறைப்பதில்லை. அப்பாவுக்குத் தனியாகத் தயிர்ச் சோறு. வாய் முன்னைப்போலத் திறக்காது என்பதால் சின்னச் சின்னக் கவளமாக எடுத்து, வலது பக்கம் ஒதுக்கி, மெதுவாக மெல்லுவார். முதல் கவளத்தை அவர் விழுங்கி முடிக்கும்வரை எங்கள் இலைகளில் சோறு விழாது. மாமாகூடப் பசிக்கிறது என்று சொல்வதில்லை. எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.