மூன்று நிமிட வெளிச்சம்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். சேத்தூர்ப் பக்கம் எங்களுக்கு இருக்கும் தென்னந்தோப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மோட்டாருக்கான கரண்ட் விடிவதற்கு முன்பே வந்துவிடும், அப்போதே போய்ப் போட்டால்தான் உண்டு. போன வருஷம் வரப்பில் ஒரு கட்டுவிரியனை மிதிக்க இருந்தேன். அதை அவரிடம் உளறியது என் வாய்க்கொழுப்பு.

லீவில் வந்தவர் ராஜபாளையத்தில் ஒரு எல்இடி டார்ச் வாங்கிக் கொடுத்தார். "இது இல்லாம கிணத்துப் பக்கம் போகக் கூடாது. சரிப்பட்டு வரலைன்னா தோப்பக் குத்தகைக்கு விட்டுருவோம்" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். தோப்பும் போய்விட்டால் நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

கொஞ்ச மாதத்தில் டார்ச் வேலையைக் காட்டியது. மூன்று நிமிடம் எரியும், அணைந்துவிடும், சூடு ஆறினால் மறுபடி எரியும். முதல் தடவை பாதி வரப்பில் அணைந்தது. காலைத் தூக்கவும் பயம், வைக்கவும் பயம். வேறு டார்ச் வாங்கலாம்தான். ஆனால் அதே மாடல் இப்போது வருவதில்லை. வீடியோ காலில் வேறு ஒன்றைக் கண்டால், பழையது என்னாச்சு என்று தோண்டுவார்.

வாரண்டி கார்டோடு ராஜபாளையம் கடைக்குப் போனேன். "நாங்க வித்ததோட சரிக்கா. வில்லிபுத்தூர் சர்வீஸ் சென்டர்ல கேளுங்க" என்றார் கடைக்காரர்.

வில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே மேசையில் இருந்தவர் டார்ச்சைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. "நல்லாத்தான எரியுது" என்று அணைத்தார். மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லி மன்றாடினேன். அலுத்துக்கொண்டே மறுபடி போட்டார். அணைந்தது. என் பொருள் கெட்டுப்போனதற்கு நான் அப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவர் டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார். "சீரியல் நம்பர் எங்கக்கா?"

ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, அரிவாள், மோட்டார் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தபோது டார்ச்சுக்கும் வைத்தேன். உருண்டைப் பக்கத்தில் சந்தனம் வழிந்ததால், தட்டையாக இருந்த லேபிள் மேல் அழுத்தி வைத்தேன். மறுநாள் ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தேன். இப்போது அங்கே ஒரு சிவப்புக் கறை மட்டும்தான் இருக்கிறது.

"நம்பர அழிச்சிட்டா வாரண்டி கிடையாது."

"அழிக்கல சார். சாமி கும்பிட்டேன்."

அவருடைய கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து கிடந்தது. அதைக் காட்டினேன். மனிதர் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. வாரண்டி கார்டில் காலியாகக் கிடந்த இடத்தில் கடைக்காரர் நம்பரை எழுதி சீல் வைத்துத் தந்தால் பார்க்கலாம் என்றார்.

மறுபடி ராஜபாளையம். கம்பெனி லெட்டர் கொடுத்தால்தான் பழைய பில் புக்கைப் புரட்ட முடியும் என்றார் கடைக்காரர். அங்கிருந்தே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். கடை சீல் வராமல் லெட்டர் கிடையாதாம். இரண்டு பேரும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார்.

"டார்ச் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

"போட்டுக் காட்டு."

போட்டேன். "நல்ல வெளிச்சம்ட்டி. இப்பதான் எனக்கு நிம்மதி" என்றார். அங்கே குளிர் அதிகம் என்றார், லீவு தள்ளிப்போகும் என்றார். வேறு நாளாக இருந்தால் அவர் போனை வைக்கக் கூடாதே என்று தவித்திருப்பேன். அன்று மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு, நூற்றிருபது.

"அடுப்புல பால் இருக்கு. வச்சிரட்டுமா?"

"செத்த நேரம் பேசேன். பொறவு வைக்கலாம்."

"பொங்கிரும்ங்க" என்று நானே போனை வைத்தேன்.

டார்ச் மடியில் இன்னும் கொஞ்சம் எரிந்து, பிறகு அணைந்தது. அடுப்பில் எதுவும் இல்லை. அவர் திரும்பக் கூப்பிடவில்லை.