கழுவிப் போன குறி

பழைய கார் டயர் விற்கும் அவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘அரை மில்லி’. டயரின் பள்ளத்தில் அளவுகோலைச் செருகிப் பார்ப்பார். சட்டம் சொல்கிற ஆழத்துக்கு அரை மில்லி குறைந்தாலும் விற்க மாட்டார்.

பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் நான் சும்மா இருப்பேனா? “இப்படியே போனா ஈ ஓட்ட வேண்டியதுதான்” என்பேன்.

“ஓட்டிட்டுப் போறேன். யார் உசுருக்கும் உலை வைக்க மாட்டேன்யா.”

உட்பக்கம் கைவிட்டுத் தடவுவார். வெடிப்பு தட்டுப்பட்டால் அந்த நிமிடமே டயரின் பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துவிடுவார். கிழித்ததை யாரும் மறுபடி விற்க முடியாது. விதியும் அதுதான்.

அன்றைக்குக் கத்தி மழுங்கியிருந்தது. வெளியே புதுசு மாதிரி மின்னிய ஒரு டயருக்குள் விரல் நீள வெடிப்பு. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுச் சுவரோரம் சாய்த்தார். “நாளைக்குக் கத்தி தீட்டி அறுத்துக்கலாம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சரக்கு எடுக்க வெளியூர் கிளம்பினார்.

வந்த டயர்களைக் கழுவி அடுக்குவது அவர் மனைவியின் வேலை. அழுக்கு என்றாலே அந்த அம்மாவுக்கு ஆகாது. குறி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. குழாயைத் திருகிப் பீய்ச்சியதில் சேற்றோடு சாக்பீஸும் போயிற்று.

மறுநாள் காலை அந்த அம்மாவின் தம்பி டயர் கேட்டு வந்தார். தம்பிக்காயிற்றே, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார் அக்கா. அன்று மாலையே நெடுஞ்சாலையில் அது வெடித்தது. தம்பி வீடு திரும்பவில்லை.

சிதறிக் கிடந்த டயரைப் பார்த்ததும் அரை மில்லிக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியிடமும் மனைவியிடமும் ஒரே பதில்தான் சொன்னார்: “நான்தான் உள்ள பார்க்காம விட்டுட்டேன்.” கடை உரிமம் போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொய்ய சொல்லிப் பழியை ஏன்யா தலையில தூக்கிப் போட்டுக்கிற?”

“கிழிக்காம விட்டது நான்தான? என்னைத் திட்டியாவது அவ மனசு ஆறட்டும். தன் கைதான் குறியை அழிச்சுதுன்னு தெரிஞ்சா யாரைத் திட்டுவா?”

ஆறு மாதமாக அந்த அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று என் கடைப் படியேறி வந்தார்.

“அண்ணே, அன்னிக்கு நீங்க அங்கதான இருந்தீங்க. அரை மில்லிக்கே சண்டை போடற மனுஷன், அந்த டயர மட்டும் பார்க்காமலா விட்டாரு? எனக்கு நம்பவே முடியல. உண்மைய சொல்லுங்க.”

அவர் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. பார்த்தார் என்று நான் சொன்னால் புருஷனை மன்னித்துவிடலாம் என்கிற ஆசை. அதற்கு மேல் அவர் யோசித்திருக்கவில்லை.

“பார்க்கலம்மா” என்றேன்.

பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் அந்த அம்மா வீட்டுக்கு நடந்தார். மனைவியின் முதுகு மறைகிற வரை காத்திருந்துவிட்டு, அரை மில்லி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.