பானெட்டுல பதிஞ்ச கை

பட்டிக்காரரு கண்ண மூடிட்டாருன்னா பட்டறையில யாரும் மூச்சு விடக்கூடாது. கம்ப்ரசர நிறுத்திடணும். டீ கிளாஸக் கீழ வெக்கிறதுகூட சத்தமில்லாம வெக்கணும். பழைய பனியன்ல கிழிச்ச துணி ஒண்ணு வெச்சிருக்காரு, தொவச்சுத் தொவச்சு வெங்காயத் தோலு மாதிரி ஆனது. அத வண்டி என்ஜின மூடுற பானெட்டு மேல விரிச்சு, அது மேல வலது உள்ளங்கைய வெச்சு, விளக்குப் பக்கத்துலேருந்து கண்ணாடிப் பக்கமா மெதுவா இழுப்பாரு. பாதி வழியில கை நின்னுடும்.

"இங்க ஒருத்தன் படுத்துட்டு இருக்கான்."

காதுல சொருகியிருக்கிற பென்சில எடுத்து அந்த எடத்துல சின்னதா ஒரு வட்டம் போடுவாரு. நாம குனிஞ்சு பாத்தா ஒண்ணும் தெரியாது. லைட் அடிச்சுப் பாத்தாலும் தெரியாது. பெயிண்ட் அடிச்சு வண்டிய வெயில்ல நிறுத்துனதுக்கப்பறம்தான் அங்க ஒரு பள்ளம் இருந்தது ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியும்.

"கண்ணு லஞ்சம் வாங்கும்பா. கை வாங்காது"ன்னு அடிக்கடி சொல்லுவாரு.

பட்டிக்காரர்னுதான் எல்லாரும் கூப்புடுறது. தகரத்துல இருக்கிற நெளிவு பள்ளத்தையெல்லாம் பட்டி வெச்சு நெரப்பி, உப்புத்தாளால தேச்சுத் தேச்சு, வண்டியப் பெயிண்டுக்குத் தயார் பண்ணிக் குடுக்கிறது அவரு வேல. பெயிண்ட் அடிக்கிறது அவரு மச்சான், வீட்டுக்காரம்மாவோட தம்பி. வண்டி வெளிய போறப்ப எல்லாரும் கலரப் பாத்துட்டு மச்சானத்தான் பாராட்டுவாங்க. பட்டிக்காரரு செஞ்சது கண்ணுலயே படாது. அதுல அவருக்குப் பொறாம கெடையாது. "நான் செஞ்சது தெரிஞ்சா நான் சரியா செய்யலன்னு அர்த்தம்"னு சொல்லிட்டு அடுத்த தாள ரெண்டாக் கிழிப்பாரு.

வீட்டுலயும் அந்தக் கை சும்மா இருக்காது. பிரிட்ஜ் வாங்கிட்டு வந்து எறக்குன அன்னிக்குக் கதவத் தடவிப் பாத்துட்டு, "இது கடையிலயே ஒரு தடவ சாஞ்சிருக்கு"ன்னாரு. மாப்பிள்ள மொத மொதல்ல வீட்டுக்கு வந்தப்ப, உள்ள வாங்கன்னு கூப்புடுறதுக்கு முன்னாடி அவரு கார் கதவத் தடவிட்டு, "எங்க தம்பி இடிச்சீங்க?"ன்னு கேட்டாரு. அந்தப் புள்ள பயந்துபோயி, ஒரு மரத்து மேல ஏத்துனத ஒத்துக்கிச்சு. "பொய் சொல்லாத பையன். குடுத்துரலாம்"னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு.

அந்தப் பென்சில மட்டும் யாருக்கும் தர மாட்டாரு. மக ஸ்கூல்ல படிக்கிறப்ப கணக்குப் போட ஒரு நாள் கேட்டா. எந்திரிச்சுக் கடைக்குப் போயி புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்தாரு. காதுல இருந்தது காதுலயே இருந்துச்சு.

இப்ப பட்டறையில நிக்கிற பிக்கப் வண்டி அவரு மகளவிட வயசுல மூத்தது. ரெண்டு பக்க மட்கார்டும் நல்லாச் சாப்புட்ட கொழந்த கன்னம் மாதிரி உருண்டு இருக்கும். ஒரே ஆளு நாப்பது வருஷம் ஓட்டுன வண்டி. தண்ணி டிரம்மு, செங்கல்லு, கட்டிலு, பீரோன்னு ஏத்தாதது இல்ல. அந்த டிரைவருக்கு இப்ப ரெண்டு கண்ணும் போயிடுச்சு. வண்டிய விட்டப்ப மருமக கையப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு.

"கலரு என்ன வேணா அடிங்க, எனக்குத் தெரியப் போறதில்ல. ஆனா உருவம் மாறக்கூடாது. தெனம் காலையில நான்தான் தொடைப்பேன். என் வீட்டுக்காரிய விட இதத்தான் அதிகமாத் தொட்டிருக்கேன். வெளிய சொல்லிராதீங்க."

"மாமா, நான் இங்கதான் நிக்கிறேன்"னா மருமக.

"உனக்குத் தெரியாததா? பட்டிக்காரரே, வண்டி முடிஞ்சதும் நான் வந்து கையாலதான் பாப்பேன்."

பட்டிக்காரருக்குச் சிலுத்துப் போச்சு. இத்தன வருஷத்துல அவரு வேலைய அவரு பாக்குற மாதிரியே பாக்க ஒரு ஆளு வந்திருக்காரு! "உங்க கைக்கு ஒரு குத்தமும் கெடைக்காது"ன்னு வாக்குக் குடுத்துட்டாரு.

வாக்குக் குடுத்ததுல அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயமும் இருந்துச்சு. அத வீட்டுலயோ பட்டறையிலயோ சொல்லல. மழ தொடங்குன நாள்லேருந்து அவரு வலது கை மரத்துக்கிட்டு வந்துச்சு. மொதல்ல கட்ட வெரலு. அப்பறம் அதுக்குப் பக்கத்துல ரெண்டு வெரலு. அப்பறம் உள்ளங்கை. தேய்க்கிற மெஷினப் புடிச்சுப் புடிச்சு நரம்பு களச்சுப் போச்சு, கொஞ்ச நாள் மெஷினத் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. சரின்னுட்டு நேரா பட்டறைக்கு வந்து மெஷினத்தான் தொட்டாரு. சூடான டீ கிளாஸ வலது கையில வெச்சுக்கிட்டு நின்னப்ப, "மாமா கையி தோலா, தகரமா?"ன்னு மச்சான் கிண்டல் பண்ணுனான். அவரும் சேர்ந்து சிரிச்சு வெச்சாரு.

பழைய பெயிண்டச் சொரண்டுனப்ப மொதல்ல நீலம், அதுக்கு அடியில பச்ச, அதுக்கும் அடியில காவின்னு வண்டியோட வயசெல்லாம் உதிந்துச்சு. துருப்புடிச்ச எடத்த வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெச்சு ஒட்டுனாங்க. அப்பறம் பட்டி. அப்பறம் தேய்ப்பு. எம்பதாம் நம்பர் தாளு, நூத்தி எம்பது, முன்னூத்தி இருவது. ஒரு மாசம் ஓடிப்போச்சு. எப்பவும் ஒரு பானெட்டுல இருவது வட்டமாவது போடுவாரு. இந்தப் பானெட்டுல நாலுதான் போட்டாரு. "வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சே மாமா"ன்னு மச்சானுக்கு சந்தோஷம். அந்த நாலு வட்டத்தப் பாத்துக்கிட்டே பட்டிக்காரரு ரொம்ப நேரம் நின்னாரு.

இதுக்கு நடுவுல மகளுக்குப் பொண்ணு பொறந்துச்சு. பத்தொம்பது நாளாச்சு. மகளும் கொழந்தையும் அவரு வீட்டுலதான் இருக்காங்க. பேத்தியத் தொடறதுக்கு முன்னாடி மனுஷன் மூணு தடவ சோப்புப் போட்டுக் கை கழுவுவாரு. நகத்துக்குள்ள இருக்கிற பட்டித் தூள பழைய பல்லு பிரஷ்ஷால எடுப்பாரு. "போதும்பா, எலும்பு தெரியப் போவுது"ன்னு மக திட்டுவா. அன்னிக்குக் காலையில மக கொழந்தைக்குத் தலையிலேருந்து கால் வரைக்கும் எண்ண தேச்சு, துணியில சுத்தறதுக்குள்ள, இவரு கையக் கழுவிட்டு வந்து நீட்டிட்டாரு. தலைய வலது உள்ளங்கையில வெச்சு, முதுக இடது கையில தாங்கி, சன்னலுகிட்ட தூக்கிட்டுப் போனாரு. வெளிச்சம் பட்டதும் அது ஒரு கண்ண மட்டும் தொறந்து அவரப் பாத்துச்சு. "ஒத்தக் கண்ணால பாக்குதுடி, பொல்லாதவ!"ன்னாரு. அவ்வளவுதான், அன்னிக்கு அவருக்குக் கால் தரையில படல. தொடறதுக்கு முன்னாடி மூணு தடவ கழுவுன மனுஷன், தொட்டதுக்கு அப்பறம் கழுவாமயே பட்டறைக்குப் போயிட்டாரு.

அன்னிக்குத்தான் பானெட்டுக்கு பிரைமர் அடிக்கிற நாளு. பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற சாம்பக் கலரு பூச்சு அது. தகரத்துல எண்ணப் பிசுக்கு துளி இருந்தாலும் ஒட்டாது. பிசுக்க எடுக்கிற தின்னர் தொட்ட துணியால பானெட்ட மூலை முடுக்கு விடாமத் தொடச்சாரு. பனியன் துணிய விரிச்சு கடைசியா ஒரு தடவ தடவிப் பாத்தாரு. துணிக்கு அடியில ஒண்ணுமே கேக்கல. பள்ளம் இல்லாததால கேக்கலயா, கைதான் கேக்கலயான்னு அவருக்கே தெரியல. மச்சான் அந்தப் பக்கம் திரும்புன நேரம் பாத்து, துணிய எடுத்துட்டு வெறுங்கைய அழுத்தி வெச்சாரு. வெச்ச எடத்துல கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு.

மச்சான் பூச்சு தெளிக்கிற கன்ன எடுத்து அடிச்சான். பானெட்டு பூரா சாம்பக் கலரு மழ பேஞ்ச மாதிரி சீராப் படிஞ்சுது. திடீர்னு நடுவுல பொத்துப் பொத்துன்னு ஓட்ட விழுந்துச்சு. எண்ண இருக்கிற எடத்துல பூச்சு வெலகி நின்னு, மீன் கண்ணு மாதிரி முழிக்கும். ஒண்ணு, ரெண்டு, பத்துன்னு பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே அதெல்லாம் ஒண்ணு சேந்து அஞ்சு வெரலாச்சு.

மச்சான் கன்னக் கீழ வெச்சான். "யாரு கை இது?"

"கம்ப்ரசர்லேருந்து எண்ண வந்திருக்கும். அதுல சேர்ற தண்ணியத் தொறந்து விட்டியா, இல்லியா?"ன்னு பட்டிக்காரரு எகிறுனாரு.

"கம்ப்ரசருக்கு வெரலு இருக்கா மாமா?"

"அப்ப உன் கைதான். தலைக்கு எண்ண வெச்சுட்டுத்தான நீ வந்த?"

மச்சான் பூச்சுல படாம தன் கைய அந்தத் தடத்துக்கு மேல புடிச்சுக் காட்டுனான். தடம் பெருசு. சுண்டு வெரலு தடம் வேற வெளிப்பக்கமா கோணிக்கிட்டு இருந்துச்சு. கார் கதவுல மாட்டி ஒடஞ்சு, கோணலாவே கூடுன சுண்டு வெரலு அந்தப் பட்டறையில ஒருத்தருக்குத்தான் உண்டு.

பட்டிக்காரரு கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாரு. மச்சான் அத மெல்ல இழுத்து மோந்து பாத்தான்.

"கொழந்த எண்ண." சிரிக்கத்தான் போனான். மாமா மொகத்தப் பாத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. "இவ்வளவு எண்ண இருக்கு. வழுக்குனது தெரியலயா மாமா?"

"தெரியல."

"ஒரு தூசி கெடந்தாக்கூட சொல்லுவீங்களே."

"தெரியலடா."

"எத்தன நாளா?"

"மழ தொடங்குனதுலேருந்து." உள்ளங்கையத் திருப்பிப் பாத்துட்டு, "கையும் லஞ்சம் வாங்கிருச்சு மச்சான்"னாரு.

ரெண்டு பேரும் வண்டியப் பாத்தாங்க. பானெட்டுல விழுந்த தடத்த அழிச்சுத் தேச்சுத் திரும்ப அடிச்சுரலாம். ஆனா மட்கார்டு, கதவு, பின்னாடிப் பலகைன்னு மொத்த வண்டியயும் ஒரு மாசமா அந்தக் கைதான் பாத்து முடிச்சிருக்கு. எந்த எடத்துல என்ன விட்டுப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாலு நாள்ல டிரைவரு வந்து தடவிப் பாப்பாரு.

"அவருக்குக் கண்ணு தெரியாதுல்ல மாமா..."ன்னு மச்சான் ஆரம்பிச்சான்.

"அதனாலதான்டா"ன்னாரு பட்டிக்காரரு.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. மக கொழந்தையத் தூக்கிட்டு வந்தா. இவரு கைய நீட்டல.

"என்னப்பா, இன்னிக்குக் கழுவவே இல்ல?"

"எனக்கு வேண்டாம்மா. அந்தக் கை செத்துப் போச்சு. காலையில அதுலதான் இதோட தலைய வெச்சிருந்தேன். ஒரு கனம் தெரியல, சூடு தெரியல. நழுவியிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது."

மகளுக்குக் கண்ணு கலங்குச்சு, ஆனா கோவம்தான் மொதல்ல வந்துச்சு. "இத இவ்வளவு நாளு அம்மாகிட்டகூடச் சொல்லலயா? நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம், நானும் வர்றேன்." அப்பறம் பக்கத்துல உக்காந்து, அவரு இடது கைய மடக்கி, தலை இடது பக்கம் வர்ற மாதிரி கொழந்தைய அதுல வெச்சா. "கடவுள் ரெண்டு குடுத்திருக்காருல்லப்பா." கொழந்த ஒரு தடவ விக்குச்சு. அந்தச் சின்னக் குலுக்கலு இடது முழங்கையில முழுசாக் கேட்டுச்சு. அவரு குனிஞ்ச தலைய நிமித்தவே இல்ல.

மறுநாளு டாக்டரப் பாத்துட்டு நேரா டிரைவர் வீட்டுக்குப் போனாரு. நடந்தத ஒளிக்காமச் சொன்னாரு. டிரைவரு கேட்டுட்டு, "அப்ப என்ன, கண்ணு போன வண்டிக்காரனுக்குக் கை போன பட்டிக்காரன். நல்ல ஜோடி"ன்னாரு. சட்டையப் போட்டுக்கிட்டுக் கூடவே கெளம்பிட்டாரு.

பட்டறையில பானெட்ட மச்சான் மறுபடி தேச்சு, தகரமாவே வெச்சிருந்தான். மருமக டிரைவரக் கொண்டுவந்து வண்டி மூக்குகிட்ட நிறுத்துனா. அவரு கைய வெச்சாரு. பானெட்டு பூரா போச்சு கை. "ம்"ன்னாரு. கதவுக்குப் போச்சு. "ம்." இடது மட்கார்டோட உருண்ட எடத்துல ஏறி எறங்கறப்ப நின்னுச்சு. திரும்பி வந்துச்சு. திரும்ப அங்கயே நின்னுச்சு.

"இங்க ஒரு சப்ப இருக்கு. என் வண்டி, இவ இப்படி இருக்க மாட்டா."

மச்சான் லைட்ட வெச்சுக் குனிஞ்சு பாத்தான். "ஒண்ணும் இல்லயே ஐயா. நேராத்தான் இருக்கு."

வெளிய யாரோ ஹாரன் அடிச்சாங்க. மருமக ஏதோ சொல்ல வந்தா. பட்டிக்காரரு கையக் காட்டி எல்லாரையும் அடக்குனாரு. தானே போயி கம்ப்ரசர நிறுத்துனாரு. பையிலேருந்து பனியன் துணிய எடுத்து மட்கார்டு மேல விரிச்சு, டிரைவரோட கையத் தூக்கி அது மேல வெச்சாரு. அப்பறம் தன் காதுல இருந்த பென்சில இடது கையால எடுத்து, அந்த மனுஷன் காதுல சொருகி விட்டாரு.