ஏலக்காரர் வாயை மூடிய சனிக்கிழமை

ஓரின் டாகெட் குரல் கொடுத்தால் மாடுகளே வரிசையில் நிற்கும் என்று பிளம் கிரீக் ஊரில் சொல்வார்கள். அது சும்மா. ஆனால் அவர் ஏலம் போட்டால், மூன்று வயல் தள்ளி உழுதுகொண்டிருப்பவனுக்கும் எந்தப் பன்றி என்ன விலைக்குப் போனது என்று தெரிந்துவிடும். அது நிஜம். அப்பா டாகெட்டும் ஏலக்காரர்தான். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதைக்கூட ஊருக்கே கேட்கும்படி கேட்கிற குடும்பம்.

அந்தக் குரலுக்காகத்தான் 1897-ல் ஊர்க் கல்லூரி அவரைக் கூப்பிட்டது. பையன்களுக்கு ஃபுட்பால் ஆசை பிடித்திருந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளியை முட்டித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம். பார்த்தவர்கள் அடிதடி என்றார்கள், ஆடியவர்கள் சொர்க்கம் என்றார்கள். ஓரின் கிழக்கே இரண்டு வருஷம் படிக்கப் போனவர். படிப்பு தலையில் ஏறவில்லை, ஆட்டம் ஏறியிருந்தது. செப்டம்பரிலிருந்து நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் வரை அவர் கல்லூரியின் கோச். மற்ற மாதங்களில் பன்றிகளும் மாடுகளும்.

முதல் வருஷம் பத்துப் பையன்கள்தான் தேறினார்கள். பதினோராவது ஆளாக கோச்சே களத்தில் இறங்கினார். அந்தக் காலத்தில் அதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மூக்கு உடைந்து வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது சாய்ந்ததுதான். மூக்கு நேராக இருந்தபோது இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்ன லெட்டி, அந்த மூக்கைப் பார்த்த பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. "தள்ளு!" பதினோரு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து, பந்து வைத்திருப்பவனை நடுவில் போட்டுக்கொண்டு, ஒரே மூட்டையாகப் போய் மோதவேண்டும். எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. தோற்றதைவிட ஜெயித்தது அதிகம்.

ஒன்பதாவது வருஷம், 1905-ல், வெண்டல் குரவுஸ் என்ற பையன் அந்த மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டான். தொடை எலும்பு முறிந்தது. பக்கத்துக் களஞ்சியத்தின் கதவைக் கழற்றி, அதில் கிடத்தி அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தான். ஆனால் அதற்குப்பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓரின் வாரம் தவறாமல் ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். பயிற்சியில் அந்த மோதலை நூறு தடவை "தள்ளு" என்று கத்திப் பழக்கியது தன் வாய்தானே என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

நாடு முழுக்க அந்த வருஷம் இதே கதைதான். பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. கல்லூரித் தலைவர் வெதர்பீ, நெட்டையான போதகர், ஓரினைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம், டாகெட். அதுவும் நிர்வாகக் குழு முணுமுணுத்துக்கிட்டேதான் ஒத்துக்கிட்டது. ஒரு பையனை, ஒரே ஒருத்தனை, மைதானத்துலேர்ந்து தூக்கிட்டுப் போனாலும் இந்தக் கல்லூரியில ஃபுட்பால் முடிஞ்சது."

"சரிங்க ஐயா."

"புதுச் சட்டமெல்லாம் வந்திருக்காமே. பந்தை முன்னாடி எறியலாமாம்."

"எறியறதா? அது என்ன வைக்கோல் கட்டா?" என்றார் ஓரின். தன் குரல் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்ததை அவரே கவனித்து அடங்கினார்.

எறிகிற பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும். அதனால் புத்தியுள்ள கோச் எவரும் அதைத் தொடவில்லை. ஓரினும் பழையபடி தள்ளவே வைத்தார், கொஞ்சம் மெதுவாக. முதல் இரண்டு ஆட்டமும் போச்சு.

இன்னொரு சட்டமும் இருந்தது, பழையது. ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை சொன்னால் நடுவர் அணியைப் பதினைந்து கஜம் பின்னுக்குத் தள்ளிவிடுவார். ஓரின் அதற்கும் சேர்த்து வாரம் முழுக்கக் கத்தித் தீர்த்துவிடுவார். இரண்டாவது தோல்விக்கு மறுநாள் லெட்டி பன்றித்தொடையை நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, ஒவ்வொரு தடவையும் பந்து கைக்கு வந்ததும் அந்தப் பசங்க எங்கே பார்க்கிறாங்கன்னு பார்த்தீங்களா?"

"எதிரியைப் பார்ப்பாங்க. வேற எங்கே?"

"உங்களைப் பார்க்கிறாங்க. நீங்க கத்துவீங்கன்னு நிக்கிறாங்க. நீங்களோ வாயைப் பொத்திக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறீங்க. அவங்களுக்குக் காதை மட்டும்தான் பழக்கியிருக்கீங்க, கண்ணை யாரு பழக்குறது?"

ஓரினுக்குச் சுருக்கென்றது. சாப்பாடு முடியும்வரை பேசவில்லை. அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை.

திங்கட்கிழமைப் பயிற்சியில் அவர் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. பையன்கள் பயந்துபோனார்கள். அணித்தலைவன் கஸ் நீமேயர் இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தான்.

"கோச், தொண்டையா?"

ஓரின் இல்லையென்று தலையை ஆட்டி, மைதானத்தைக் கைகாட்டினார். நீங்களே பாருங்கடா என்று அர்த்தம். வாயை மூடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. சத்தம் நெஞ்சுக்குள் பானைத் தண்ணீர் மாதிரி கொதித்தது. தொப்பி விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனால் மூன்றாம் நாள் பையன்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் கஸ், ஹால்வர் என்ற பண்ணை வீட்டுப் பையனை ஓடவிட்டு, பந்தை எறிந்து எறிந்து பார்த்தான். பாதி தரையில் விழுந்தது. ஓரினின் தொப்பி விளிம்பு கிழிந்தேவிட்டது. அடுத்த நான்கு ஆட்டத்தில் மூன்று ஜெயம். ஒரு பையனுக்கும் சிராய்ப்புக்குமேல் எதுவும் இல்லை.

கடைசி ஆட்டம் நன்றித் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, செடார் பிளஃப் கல்லூரியோடு. அந்தப் பையன்கள் ஆளுக்கொரு பெரிய இரும்பு அடுப்பு அளவு இருந்தார்கள். வெதர்பீ கறுப்பு அங்கியில் மைதானக் கோட்டோரம் வந்து நின்றார். பக்கத்தில் கைத்தடியோடு வெண்டல். கல்லூரித் தலைவரை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, தான் நொண்டியாக்கிய பையனை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பது ஓரினுக்கு முள்மேல் நிற்பதுபோல இருந்தது.

கடைசி ஐந்து நிமிஷம் வரை இரண்டு பக்கமும் பூஜ்யம். பந்து கஸ் கையில். இருந்தது ஒரே ஒரு முயற்சி, போகவேண்டியது எட்டு கஜம், போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. எதிரணி மொத்தமும் நடுவில் குவிந்து, தள்ளுவதற்குத்தான் வருவார்கள் என்று தோளைத் தாழ்த்தி நின்றது. தள்ளினால் என்ன ஆகும் என்று ஓரினுக்குத் தெரியும். களஞ்சியக் கதவு ஞாபகம் வந்தது. ஆனால் கஸ்ஸின் கை பின்னால் போவதைப் பார்த்ததும், பத்து வருஷப் பழக்கம் தொண்டைக்கு ஓடிவந்தது. எறியாதேடா! விழுந்தா போச்சுடா! தொப்பி விளிம்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

கஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எறிந்தான்.

பந்து தள்ளாடித் தள்ளாடிப் போனது. யாரும் இல்லாத வலது ஓரத்தில் ஓடிய ஹால்வர் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான். ஓடினான், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். புள்ளி கிடைத்துவிட்டது. பின்னால் துரத்தியவர்கள் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். எழுந்தது மூன்று பேர். ஹால்வர் எழவில்லை.

வெதர்பீ தொப்பியைக் கழற்றினார். வெண்டலின் கைத்தடி மண்ணில் புதைந்தது.

ஏழு வாரமாக அடக்கி வைத்த குரல் அப்போது வெடித்தது.

"ஹால்வ்வ்வர்!"

சர்ச் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. ஹால்வர் பதறியடித்து எழுந்து உட்கார்ந்தான்.

"இருக்கேன் கோச்! பல்லு ஒண்ணைக் காணோம், தேடிட்டிருந்தேன்!"

நடுவர் விரலை ஆட்டிக்கொண்டே வந்தார். "டாகெட், இது ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குல வரும்."

"இல்லீங்க. புள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டேன்," என்றார் ஓரின். கண்ணில் தண்ணீர் நின்றதைத் துடைக்கக்கூட இல்லை. நடுவர் அந்த முகத்தைப் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டம் ஜெயித்து முடிந்ததும் வெதர்பீ வந்தார். "ஒருத்தனும் படுக்கலை. செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழுகிட்ட அதை நானே சொல்றேன். அந்தப் பந்தை எறியச் சொல்லி எப்ப சொன்னீங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஓரினுக்கு வாய் வரவில்லை.

"சொல்லலைங்க ஐயா. சொல்ல விட்டிருந்தா எறியாதேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்படியா?" வெதர்பீ புருவத்தைத் தூக்கினார். "அப்போ எங்களுக்கு கோச் எதுக்கு, டாகெட்?"

ஓரினின் பத்து வருஷமும் அந்தக் கேள்விக்குள் போய்விட்டதுபோல இருந்தது. வெண்டல்தான் கைத்தடியை ஊன்றி ஓர் அடி முன்னால் வந்தான்.

"ஐயா, இவர் வாயை மூடிக்கிட்டு நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. போன வருஷமே மூடியிருந்தா நானும் இன்னிக்கு ஓடியிருப்பேன். இப்போ கத்துக்கிட்டார். கத்துக்கிட்ட ஆளை விட்டுட்டு, புதுசா ஒருத்தர் வாயை மூடக் கத்துக்கறதுக்கு இன்னொரு காலை யார் கொடுக்கிறது?"

வெதர்பீ ஓரின் கையிலிருந்த தொப்பியை வாங்கி, கடித்துக் குதறிய விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க, டாகெட்," என்றார். "அடுத்த வருஷத்துக்கு இது தாங்காது."