சீஸின் மேல் தக்காளிப்பூ

லாரி ஓட்டும் மணியம், என் மனைவி செல்லம்மா, சமையல்காரர் ராயப்பன், நான். பெம்பான் பக்கத்து எஸ்டேட் பங்களாவின் குசினியில் இருக்கிறோம்.

முன்னால் சாலையில் துப்பாக்கிச் சண்டையாம். போலீஸ் எங்கள் லாரியை இங்கே நிறுத்திவிட்டது. காட்டில் மறைந்து சர்க்காரோடு சண்டை போடுபவர்களுக்குப் போய்விடும் என்று வழியில் சாப்பாடு கொண்டுபோக விடுவதில்லை. செல்லம்மா பிள்ளைத்தாய்ச்சி. காலையிலிருந்து பட்டினி. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கை நடுங்குகிறது.

ராயப்பன் விறகடுப்பின் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுக்கிறார். டின் சீஸைத் துருவி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றிச் சுட்டது. மேலே சிவந்து உப்பியிருக்கிறது. துரைமார் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கும்போது கடித்துக்கொள்வார்களாம்.

செல்லம்மாவைப் பார்க்கிறார். கத்தியை எடுத்து ஓரத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு வெட்டுகிறார்.

"அண்ணே, துரைசாணி பார்த்தா உங்க வேலை போயிருமே" என்கிறேன்.

"அந்தம்மா பூவைத்தான் பாக்கும்லா. பேசாம சாப்பிடு தம்பி."

தக்காளித் தோலை நீளமாகச் சீவி, பூவாகச் சுற்றி, வெட்டிய பள்ளத்தில் வைக்கிறார். சுற்றிலும் கொத்தமல்லி. தட்டோடு உள்ளே போகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிரித்தபடி திரும்புகிறார்.

"பூ ரொம்ப அழகாம்."

அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

மணியம் தன் துண்டைச் செல்லம்மா பக்கம் தள்ளுகிறார். "எனக்கு இந்த வாடை ஆகாதுலா, தங்கச்சி. நீ தின்னு."

என்னுடையதையும் தள்ளுகிறேன். சூடு ஆறுமுன் தின்கிறாள். கை நடுக்கம் நிற்கிறது.

மூன்று துண்டு.